ஃப்ளாப் எத்தனை டிகிரி?

"அந்தப் பொண்ணு ஏமாத்துறா, ஷெத்லி!"

லம்ஜத் மேசையைத் தட்டிய வேகத்தில் தேநீர் சிந்தியது.

கணினித் திரையில் விமானம் ஓட்டும் ஸ்ஃபாக்ஸ் நகர சிமுலேட்டர் சங்கத்தில் ஐந்து வருடமாக அவர்தான் முதலிடம். மூன்று மாதம் முன்பு சேர்ந்த ஹெதியா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், இன்று இரண்டாவது முறையாக அவரை ஜெயித்துவிட்டாள்.

அவர் நாற்காலியைச் சுற்றி நிற்கிற கூட்டம் இப்போது அவளைச் சுற்றி நின்றது. அவருக்கு வழக்கமாக வரும் பாதாம் இனிப்புத் தட்டும் அவள் முன்னால் இருந்தது.

போட்டிக்கு வைத்தது பழைய சண்டை விமானம். தரையிறங்கும்போது இறக்கையின் பின்னால் இருக்கும் ஃப்ளாப் தட்டை, கைச்சக்கரத்தைச் சுற்றி இறக்க வேண்டும். எவ்வளவு இறங்கியது என்று காட்ட முள் கிடையாது. திரையில் எண் வருவதையும் அணைத்துவிடுவார்கள். சக்கரம் மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவது.

"எப்படி ஏமாத்தினா?" என்றார் சங்கத் தலைவர் ஷெத்லி.

"அவ திரையில எங்கயோ அளவு தெரியுது. எதுவும் இல்லாம இருபது டிகிரி, முப்பது டிகிரின்னு கச்சிதமா இறக்க ஒருத்தராலயும் முடியாது. எனக்குத் தெரியாதா?"

ஹெதியா சிரித்தாள்.

"எத்தனை சுத்துன்னு எண்ணிக்குவேன் அண்ணே. தட்டு இறங்க இறங்க வேகம் குறையும், மூக்கு அசையும். சந்தேகம்னா திரும்பி இறக்கையையே ஒரு பார்வை பாத்துடுவேன்."

"பஸ் ஓட்டுறவ எனக்குப் பாடம் எடுக்குறா, கேட்டுக்குங்க!"

"சண்டை எதுக்கு?" என்றார் ஷெத்லி. "ரெண்டு பேரும் இடம் மாறி உட்காருங்க. தெரிஞ்சுடும்."

லம்ஜத் இதை எதிர்பார்க்கவில்லை.

"என் சக்கரத்த யாரும் தொடறது எனக்குப் பிடிக்காது."

"சாம்பியனுக்கே பயமா?" என்று யாரோ கேட்க, அறையே சிரித்தது.

வேறு வழியில்லாமல் ஹெதியாவின் இடத்தில் போய் உட்கார்ந்தார். திரையில் ஓர் எண்கூட இல்லை. விமானம் மூன்று முறை துள்ளி, மூக்கு மண்ணில் குத்தி நின்றது.

"நாற்காலி சரியில்ல," என்று முணுமுணுத்தார்.

ஹெதியா அவர் இடத்தில் உட்கார்ந்தாள். சக்கரத்தில் கை வைத்தவள் ஒரு நொடி தயங்கினாள்.

"என்னாச்சு?" என்றார் ஷெத்லி, எழுந்தபடி.

"ஒண்ணுமில்ல, தூசி."

குனிந்து சக்கரத்தின் அடிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தாள். விமானம் அலுங்காமல் இறங்கியது. கைதட்டல் அடங்க நேரமானது.

"இப்ப என்ன சொல்றீங்க, லம்ஜத்?"

அவர் மேசையில் சிந்திய தேநீரைத் துடைக்க ஆரம்பித்தார்.

எல்லோரும் படியிறங்கிப் போகும்போது ஹெதியா அவரிடம் வந்து கை நீட்டினாள். வேண்டாவெறுப்பாகக் குலுக்கினார். உள்ளங்கையில் ஏதோ ஒட்டியது.

மூன்று சின்ன டேப் துண்டுகள். விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி மடித்து ஒட்டியவை. ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்தில் பத்து, இருபது, முப்பது.

"ஷெத்லி எட்டிப் பாக்குறதுக்குள்ள உரிச்சுட்டேன் அண்ணே," என்றாள் தணிந்த குரலில்.