அஞ்சலி அட்டை

“எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்கம்மா. இறந்தவனுக்குச் செய்யற மரியாதை கண்ணுல படணும்” என்றார் பெரியவர்.

டப்பிங் கூடத்தின் திரையில் அவருடைய தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். கருகரு மீசை, அடர்ந்த தலைமுடி. படத்துக்குக் கீழே ஒரே வரி: ‘எங்கள் ராஜாவின் குரலாக வாழ்ந்தவரின் நினைவுக்கு.’

“மறைந்த தேதியையும் போடலாமா ஐயா?” என்று கேட்டாள் வசனம் எழுதுகிற பெண்.

“தேதி வேண்டாம்.”

“வருஷமாவது?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தது அவர்தான். வீட்டில் ஒருவரும் அழக்கூடாது என்று சொன்னதும் அவர்தான். அந்த வீட்டில் அவர் பேச்சைத் தட்டி யாரும் அழுததில்லை.

“சின்னக் குழந்தைங்களுக்கு இதைப் படிக்கத் தெரியாது. அதனால இந்த வரியை யாராவது குரல்லயும் சொல்லணும்” என்றாள் அவள்.

“நானே சொல்றேன்.”

இப்போது அடுத்த பாகம் தயாராகிற கார்ட்டூனின் முதல் படத்தில் அண்ணன் கதைசொல்லிக்குக் குரல் கொடுத்தார், தம்பி ராஜாவுக்கு. படகோட்டியைக் கட்டிக்கொள்வேன் என்ற மகளை வெளியே தள்ளிக் கோட்டைக் கதவைச் சாத்துகிற ராஜா. கடைசியில் மகளுக்குக் கல்யாணம் நடக்கும். ராஜா பனியில் உறைந்து சாவான். அந்தக் குரலுக்காகவே கொட்டகையில் குழந்தைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

“அதுல ராஜா பண்ணினது என்ன தப்பு? குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கே” என்பார் பெரியவர், யார் கேட்டாலும். இப்போதும் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டு, நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். “சரி, செத்துப்போன ராஜா இந்தப் படத்துல எப்படி வர்றான்?”

“பண்டிகை விடுமுறைக்கு விடற இந்த மாதிரிப் படத்துக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு ஐயா.”என்றாள் அவள். “ கல்யாணம் முடிஞ்சுட்டா கதை நகராது. அதனால பழைய கதைக்கு நடுவுல ஒரு பனிக்காலத்துல போய் நுழைஞ்சுக்குவோம். அங்க எல்லாரும் உயிரோட இருப்பாங்க. சண்டை போட்டு, பாட்டுப் பாடி, கடைசியில ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிடுவாங்க.”

“செத்தவனுமா?”

“அவருக்குத்தான் முதல் நாற்காலி” என்றார் ஒலிப்பதிவாளர், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஏன் வந்தேன்னு யாரும் கேட்கக் கூடாது சார். கேட்டா படம் அங்கயே படுத்துடும்.”

பெரியவர் சிரிக்கவில்லை. “அது உங்க படத்துச் சட்டம். எங்க வீட்டுல செத்தவன் செத்தவன்தான். ராஜாவுக்கும் நானே பேசிடறேன். எங்க குரலை வெளியாள் வாயில கேட்க முடியாது.”

“கதை சொல்றவரும் ராஜாவும் ஒரே ஆளுன்னா குழந்தைங்க பிடிச்சுடுவாங்க ஐயா. குரல் தேர்வுக்குன்னு ஒரு வரி கொடுத்திருந்தோம். மனசு மாறின ராஜா, மக வீட்டு வாசல்ல வந்து நிக்கிற இடம். ஒருத்தர் பேசி அனுப்பியிருக்காரு. பேர் போடல, போன் நம்பர் மட்டும்தான். கேட்டதும் எனக்குச் சிலிர்த்துப் போச்சு. இன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன்” என்றாள் அவள்.

“போடுங்க. சரியில்லேன்னா எழுந்து போயிடுவேன். அப்புறம் என் குரலும் உங்களுக்குக் கிடைக்காது.”

ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார். முதலில் வெறும் இரைச்சல். பிறகு யாரோ இரண்டு முறை செருமி, மரத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்கள்.

“கதவைத் திறங்க. பனி கொட்டுது. நான் வெளியிலதான் நிக்கிறேன்.”

பெரியவரின் கை தன்னையறியாமல் எழுந்து, இல்லாத ஒரு தாழ்ப்பாளை, அன்று தம்பியை வெளியே தள்ளிச் சாத்திய கதவின் தாழ்ப்பாளை, அழுத்திப் பிடித்தது. பேசுவதற்கு முன்பு அப்படிச் செருமித் தட்டுகிறவன் உலகத்தில் ஒருவன்தான். அதே குரல். கொஞ்சம் வயதாகியிருந்தது, அவ்வளவுதான்.

“இது... இது பழைய படத்துல இல்லாத வரி.”

“ஆமா ஐயா. போன மாசம்தான் எழுதினேன்.”

“மெஷின்ல அவன் குரலைச் செஞ்சீங்களா? யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?”

“மெஷினுக்கு இப்படி மூச்சு வாங்குமா சார்?” என்ற ஒலிப்பதிவாளர் மறுபடியும் ஓடவிட்டார். கதவைத் திறங்க. பனி கொட்டுது.

“நிறுத்துங்க!”

திரையில் தம்பி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்களைப் பார்க்காமல் கீழே இருந்த வரியை மட்டும் பார்த்தார் பெரியவர்.

“முதல்ல இந்த அட்டையைப் பதிவு பண்ணுங்க. நான் படிக்கிறேன். இது படத்துல வந்தாகணும்.” அவர் அந்த வரியைச் சுட்டிக்காட்டினார். “அவன் இல்லம்மா. ஊருக்கே தெரியும், அவன் இல்ல.”

அவர் எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க உட்காருங்க ஐயா. அவரும் வந்துட்டாரு போலிருக்கு” என்றாள் அவள்.

கண்ணாடிக்கு அப்பால் இருண்டு கிடந்த பதிவு அறையில் விளக்கு எரிந்தது. நரைத்த மீசையும் வழுக்கை விழுந்த தலையுமாக ஒருவர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மைக்கின் முன்னால் வந்து நின்றார். திரையில் இருந்த வரியை நிதானமாகப் படித்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார்.

இரண்டு முறை செருமல். மரத்தில் ஒரு தட்டு.

“நீங்க சிரமப்படாதீங்கண்ணா. என் அஞ்சலியை நானே படிச்சுடறேன்.”