சக்கரத்தடியில் ஒரு கல்

முகத்துவாரக்குப்பத்தில் மத்தியான வெயில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து மங்கிக் கிடக்கிறது. வாசலில் நிற்கும் அண்ணன் காரின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, துருவேறி இறுகிய ஹேண்ட் பிரேக்கைப் பிரிக்கச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறான் பொன்ராஜ். அடிக்கு அடி துரு உதிர்கிறது. படியில் உட்கார்ந்திருக்கும் அவன் அண்ணி குணசுந்தரியின் தோள் அதிர்கிறது. உப்புக்காற்றில் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று, கடலில் நாள்கணக்கில் தங்கப் போனால் அவள் புருஷன் சக்கரத்தடியில் கல்தான் வைப்பான். உடனே திரும்புவதென்றால் மட்டும் ஹேண்ட் பிரேக். "அன்னிக்கு அண்ணன் ஏன் அண்ணி கல்லு வெக்கல?" "வலைய மட்டும் இஸ்துகினு தோ வந்துர்றேன்னு சொல்லிச்சு." பொன்ராஜ் மறுபடி தட்டுகிறான். அன்று படகு மட்டும்தான் கரை ஒதுங்கியது. தேடப் போனவர்களும் இப்போது மீன்பிடிக்கத்தான் போகிறார்கள். பிரேக்கை மூடியிருந்த டிரம் கழன்று மண்ணில் விழுகிறது. உள்ளிருக்கும் பிரேக்கை உருவிப் போட்டுவிட்டுச் சக்கரத்தை மாட்டுகிறான். "இனிமே கல்லு இல்லாம வண்டி நிக்காது அண்ணி. அந்தக் கல்ல எட்த்துனு வா." சுவரோரம் கிடக்கும் கல்லைக் குணசுந்தரி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு எழுந்துபோய், வயிற்றோடு அணைத்துத் தூக்கிவந்து, சக்கரத்தடியில் வைக்கிறாள். வைத்த கையை எடுக்கவில்லை.