மாணிக்கத்தில் சுழலும் அச்சு

"அந்த வாட்சோட பின்மூடியக் கழட்டுங்க. உள்ள பாக்கோணும்." வாட்ச் கடையில் நர்மதா கேட்டே விடுகிறாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வாய் திறந்து எதையும் கேட்கக் கூடாது என்று அம்மா காரிலேயே சொல்லியிருந்தாள். மாப்பிள்ளைக்குச் சீராகப் போடப்போகும் வாட்ச் அது. முகப்பைச் சுற்றி வைரம். "பாத்து என்ன பண்ணப் போற? ரிப்பேரா?" என்று மாப்பிள்ளை கௌசிக் சிரிக்கிறான். பழுது பார்க்கும் மேசையிலிருந்து டின்சி எழுந்து வருகிறாள், பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டுக்காரி. முதலாளி வாயெடுக்கும் முன்பே மூடியைத் திருகி எடுத்து, தன் கண்லென்சை நர்மதாவின் கையில் வைக்கிறாள். "மூச்சு விட்றாத, தூசி போயிரும்." லென்சுக்குள் தலைமுடியிலும் மெல்லிய சுருள்வில் விரிந்து சுருங்குகிறது. ஒவ்வொரு அச்சின் நுனியும் கடுகளவு சிவப்புக்கல்லில் அமர்ந்து சுழல்கிறது. கட்டுகிறவன் கண்ணில் படவே படாத தகட்டின் விளிம்பையும் யாரோ கையால் இழைத்து மினுக்கியிருக்கிறார்கள். "கல்லுதான் பேரிங்காங்க்கா?" "பின்ன? மாணிக்கத்துல பேரிங். எங்க எஸ்டேட் ஜீப்புக்கு இதுல ஒண்ணு கெடச்சா ஆகாதா?" டின்சி குரலைத் தாழ்த்துகிறாள். "பக்கத்து நாற்காலி சும்மாதான் கெடக்கு. வாரியா?" நர்மதாவின் கண் நிறைகிறது. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தும் பையன்களின் முதுகுக்குப் பின்னால் நின்றே இயந்திரம் பார்த்தவள் அவள். கேட்டதும் கையில் கருவியைக் கொடுத்த முதல் ஆள் இவள்தான். "திங்கக்கெழம வந்தர்றனுங்க்கா. நல்லா இருப்பீங்க." கௌசிக்கின் சிரிப்பு நிற்கிறது. "கல்யாணத்துக்கப்பறம் வேலைக்கில்லைன்னு பேசி முடிச்சாச்சல்ல?" "பேசுனது நீங்களும் எங்கப்பாவுமுங்க." லென்சை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கார் பக்கத்தில் நிற்கும் அப்பாவிடம் இந்தக் கல்யாணம் வேண்டாமென்று சொல்ல, கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்குகிறாள்.