முதல் தம்ளர் ஷெர்ரி

கிறிஸ்துமஸ் பூசை முடிந்த மத்தியான வெயில் கூடத்து மொசைக் தரையில் கிடக்கிறது. ஆண்கள் கண்ணாடித் தம்ளர்களோடு காத்திருக்கிறார்கள். கப்பலில் போனவர்கள் கொண்டுவரும் வெளிநாட்டுப் பாட்டில் கூடத்துக்கு, கடையில் வாங்கும் மலிவான இனிப்பு ஒயின் அடுக்களைக்கு என்பது இந்த வீட்டு வழக்கம். இருபத்தெட்டு வருடமாக அந்தத் தம்ளர்களைக் கழுவும்போது வரும் வாசனைதான் மெற்றில்டாவுக்குத் தெரியும். இந்த முறை ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி ஒயின் கொண்டுவந்திருப்பவள் அவள் மகள் ஜெனிட்டா. சரக்குக் கப்பலில் அதிகாரி. கூடத்தைத் தாண்டி, பாட்டிலோடு நேரே அடுக்களைக்கு வருகிறாள்.

“ஏளா, அத இங்கன வச்சிட்டுப் போ. பொம்பளையளுக்கு இனிப்பு ஒயின் போதும்” என்கிறார் மெற்றில்டா கணவரின் அண்ணன் கஸ்பார்.

“கப்பல்ல போனது நான், பெரியப்பா. மொதத் தம்ளர் எங்கம்மாவுக்கு.”

மஞ்சள் படிந்த விரல்களைச் சேலையில் துடைத்துவிட்டு மெற்றில்டா எவர்சில்வர் தம்ளரை நீட்டுகிறாள். வைக்கோல் நிறத்தில் ஷெர்ரி இறங்குகிறது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது. ஒரு மிடறு குடித்ததும் அவள் முகம் சுளிக்கிறது. கஸ்பார் சிரிக்கிறார்.

“கசக்குது” என்கிறாள், கூடத்துக்குக் கேட்கும்படி. “இதுக்கா அத்தான் இம்புட்டு வருசமா எங்கள அடுக்களையில உக்கார வச்சிய?”

மிச்சத்தையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தம்ளரை மகளிடம் நீட்டுகிறாள்.

“நெறைய ஊத்து.”