கலாவதிக்கு வந்த சாமி

"பாருங்க மிஸ், மறுபடியும் வந்துடுச்சிலா!" சூப்பர்வைசர் இருசப்பன் பல்லைக் கடித்தார்.

ராவாங் சப்பாத்துத் தொழிற்சாலையில் காலணிகளுக்குப் பசை தடவும் மேசைக்குப் பக்கத்தில் கலாவதி தலைவிரிகோலமாய் ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா வந்திருக்கேன்! எல்லாம் வெளிய போங்கடி!"

பெண்கள் அலறியடித்துக்கொண்டு கதவைத் திறந்து ஓடினார்கள். வேலை அப்படியே நின்றது.

சந்திரிகா இதற்காகத்தான் ஒரு மாதமாய்க் காத்திருந்தாள். உலு யாம் ரப்பர் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பொதுச் சுகாதாரம் படிப்பவள். தொழிற்சாலைப் பெண்களுக்கு ஏன் இப்படிச் சாமி வருகிறது என்பதுதான் அவள் ஆய்வு.

கிட்டப் போய் நாடி பிடித்தாள். சீராகத்தான் ஓடியது. கலாவதியின் அரைக்கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சாமி வர்ற பொண்ணு மேல கைவைக்க மேனேஜருக்கே பயம். அதான் விட்டு வச்சிருக்கோம்," என்றார் இருசப்பன். "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இது நோவா, நடிப்பா?"

ஆய்வு செய்பவள் பொய் சொல்லலாமா?

"நடிப்புதான்."

அன்று மதியமே கலாவதியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் கலாவதி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்திரிகாவுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"வேலை செய்ய உடம்பு வளையலன்னா நின்னுக்க வேண்டியதுதானே? சாமி பேர்ல எதுக்கு நாடகம்?"

கலாவதி கோபப்படவில்லை.

"நாடகம்தான்க்கா. சாமியாடுற பொண்ணு வேணாம்னு, பார்த்துட்டுப் போன மாப்பிள்ளை வீடும் கைவிட்டுட்டாங்க."

"அப்புறம் ஏன் ஆடுன?"

"காத்து பட்டா பசை காஞ்சிடும்னு ஒரு ஜன்னலைக்கூடத் தொறக்க விடமாட்டாங்கக்கா. அந்த வாடை தலைக்கேறி மூச்சு முட்டும். பக்கத்து மேசை அன்னம்மா முழுகாம இருக்கா. ஒருநாள் மயங்கி விழுந்தா. 'முடியலன்னா வீட்டுக்குப் போ'ன்னுட்டாங்க. நாங்க எல்லாரும் போய்ச் சொல்லிப் பார்த்தோம், யாரும் காதுல வாங்கல. சாமின்னாதான் பயந்துக்கிட்டு கதவத் தொறக்குறாங்க. அவ கொஞ்ச நேரம் வெளிக்காத்துல உக்காந்துக்குவா."

அந்தக் கூடத்துக்குள் போய்வந்த நாளெல்லாம் சந்திரிகாவுக்கும் தலை வலித்திருக்கிறது. வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோலா சிலாங்கூர் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்த கலாவதி திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு அன்னம்மா விழுந்தா யாருக்குக்கா சாமி வரும்?"