ஒரு நூல் உயரம்

அவன் எழுந்திருக்கவே இல்லை.

பாயும் மெத்தையுமாகத் தூக்கி, சாமான் ஏற்றுவது போல குட்டியானை வண்டியின் பின்னால் கிடத்தினார்கள். இன்னும் விடியவில்லை. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நின்றால் உடம்பு குறுகும். நடந்தால் இன்னும் குறுகும். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்துக்குப் போகிற பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

போன தடவை பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். ஒரு நூல் குறைவு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தடவை விடக்கூடாது.

விடவும் முடியாது. ஏதோ ஒரு நாட்டில் யாரோ வரியை ஏற்ற, திருப்பூரில் அவன் தைத்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனிக்குப் பூட்டு விழுந்துவிட்டது.

வண்டியை ஓட்டியது சென்னியப்பன். இவனைவிட ஒரு பிடி உயரம். ஓட்டத்திலும் கெட்டி. ஆனால் அவன் மேல் வழக்கு இருக்கிறது.

ராணுவத்தில் இனி நாலு வருஷம்தான் வேலை என்று அறிவித்தபோது, இருவரும் சேர்ந்துதான் ரயில் நிலையத்துக்கு மறியலுக்குப் போனார்கள்.

"நாலு வருஷம்!" என்று சென்னியப்பன் எடுத்துக்கொடுப்பான்.

"வேண்டாம், வேண்டாம்!" என்று கூட்டத்தோடு இவன் தொண்டை கிழியக் கத்துவான்.

எடுத்துக்கொடுத்தவன் மேல்தான் வழக்கு விழுந்தது. வழக்கு உள்ளவனை ராணுவம் சேர்ப்பதில்லை.

ஒவ்வொரு வேகத்தடையிலும் சென்னியப்பன் வண்டியைப் பூப்போல இறக்கினான். படுத்தபடியே இவன் வானம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மைதான வாசலில் கையைக் கொடுத்து எழுப்பிவிட்டான் சென்னியப்பன். இவன் மெதுவாக இரண்டு எட்டு வைத்தான். உயரம் பார்க்கும் கட்டைக்குக் கீழே நின்றான். தலை அதில் இடித்தால்தான் உள்ளே விடுவார்கள்.

கட்டை தலையில் இடித்தது.

இடித்தேவிட்டது!

அதற்குப் பிறகு என்ன, ஓட்டம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மதியம், மார்பில் மையால் எழுதிய எண்ணோடு, சட்டையைக் கையில் சுழற்றிக்கொண்டு வெளியே பாய்ந்து வந்தான். எல்லாவற்றிலும் தேறிவிட்டான். சந்தோஷத்தில் அவன் வாயில் வந்தது அதுதான்.

"நாலு வருஷம்டா! நாலு வருஷம்!"

வண்டியில் சாய்ந்து நின்ற சென்னியப்பன் வாயைத் திறந்தான். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

சிரித்துவிட்டான். ஓடிவந்தவனை அப்படியே கட்டித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். பிறகு மெத்தையைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினான்.

"முன்னால ஏறி உக்காருடா," என்றான். "இனி நீ குறுகுனா ஒண்ணும் ஆகாது."