பாதி உங்களுடையது

ரேடியோ பாடிவிட்டது.

அவள் தன்னை மறந்து கைதட்டினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வாரம் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கும் பல் டாக்டர் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்கரைச் சமூகக் கூடத்துக்கு வந்து பழுதாகி வரும் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், எமர்ஜென்சி விளக்கு என்று எதன் வாயையாவது திறந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

கூலி கிடையாது. டீ உண்டு.

அங்கே ரிப்பேருக்கு உட்காரும் எல்லோருமே இந்த ரகம்தான். சால்டரிங் சூடு பட்ட விரலை ஊதிக்கொண்டே, அடுத்தது எங்கே என்று பார்ப்பார்கள். புதுசு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அந்தக் கூடத்தின் மரியாதை அது.

விதி ஒன்றே ஒன்று உண்டு. சொந்தக்காரரைக் கேட்காமல் ஒரு பொருளிலிருந்து ஓர் ஆணியைக்கூட இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது.

அவள் எடுத்துவிட்டாள்.

காலையில் ஒரே மாதிரி இரண்டு ரேடியோக்கள் அவள் மேசைக்கு வந்திருந்தன. ஒன்று வாட்ச்மேன் சடையப்பனுடையது. கீழே விழுந்து முகப்பு நொறுங்கி, ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. மற்றது ஹாஸ்டலில் சமையல் செய்யும் ஜெசிந்தாவுடையது. பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்து, சர்க்யூட்டை அரித்துத் தின்றிருந்தது.

இருவரும் டீ குடிக்கப் போன நேரம். இரண்டும் திறந்து கிடந்தன. இதில் கெட்டது அதில் நன்றாக இருந்தது. அதில் கெட்டது இதில்.

கை சும்மா இருக்குமா?

சடையப்பனுடைய சர்க்யூட்டும் பேட்டரிப் பெட்டியும். ஜெசிந்தாவுடைய முகப்பும் ஸ்பீக்கரும். நான்கு இடத்தில் பற்றவைத்தாள். பாடிவிட்டது.

கைதட்டிய கை இறங்கும்போதுதான் உறைத்தது.

ஒரு ரேடியோ. இரண்டு பேர்.

பாட்டுச் சத்தம் கேட்டு இருவருமே டீ கிளாஸோடு ஓடி வந்தார்கள். இரண்டு முகத்திலும் ஒரே சிரிப்பு. பிரித்துத் தனித்தனியே கொடுத்தால் இரண்டுமே ஊமை.

மறைக்காமல் சொன்னாள். ஆர்வக்கோளாறு, கேட்டிருக்க வேண்டும், தப்புதான் என்றாள்.

சிரிப்பு இரண்டும் அணைந்தன.

"அது பாடலன்னா கண்ணு சொக்கிடும் டாக்டரம்மா. சொக்குனா வேல போயிடும்" என்றார் சடையப்பன். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஜெசிந்தா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு நின்னு போச்சு. கைகாலும் வராது. நான் வேலைக்குப் போயிட்டா வீட்ல பேசுறது இது ஒண்ணுதான்."

பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. யாரும் அணைக்கவில்லை.

சடையப்பன் ரேடியோவை ஜெசிந்தா பக்கம் நகர்த்தினார்.

"நீங்க எடுத்துக்கங்கம்மா."

சொல்லிவிட்டாரே தவிர, கை அதன் மேலேயே இருந்தது. பாவம், அந்தக் கைக்கு மனசு வரவில்லை.

ஜெசிந்தா அந்தக் கையைப் பார்த்தாள். முகப்பைப் பார்த்தாள். அவள் ரேடியோவின் முகப்பு, ஓரத்தில் அவள் ஒட்டிய மாதா படம். திருப்பினாள். பின்னால் அவருடைய பேட்டரி மூடி, அவர் மாட்டிய ரப்பர் பேண்ட்.

"எந்த அபார்ட்மெண்ட்ல அண்ணே காவல்?"

சொன்னார்.

"அட, அதுக்குப் பின் சந்துலதான் எங்க வீடு. உங்களுக்கு ராத்திரி டூட்டி மட்டும்தானே?"

அவர் தலையாட்டினார்.

"அப்ப சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க. விடிஞ்சதும் போற வழியில குடுத்துட்டுப் போங்க. ராத்திரி நான் இருக்கேன்ல அவருகிட்டப் பேச."

டாக்டர் சால்டரிங் கம்பியின் ஸ்விட்சை அணைத்தாள். எத்தனை ஞாயிறு இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். இப்படி ஒரு பற்றவைப்பை அவள் கை செய்ததில்லை.

சடையப்பன் ரேடியோவை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு ஜெசிந்தா பக்கம் திரும்பினார்:

"சாருக்கு எந்த ஸ்டேஷன் புடிக்கும்?"

"எதுக்குண்ணே?"

"ராத்திரி நான் அங்கங்க திருகுவேன். காலைல அதுலயே கொண்டாந்து வெச்சுக் குடுத்துடுறேன். அவரால திருப்ப முடியாதுல்ல."

ஜெசிந்தா சொன்னாள். சொல்லும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிழைத்த பொருளின் சொந்தக்காரர் வாசலில் தொங்கும் மணியை ஒரு முறை அடிப்பது அங்கே வழக்கம். பக்கத்தில் கரும்பலகையோடு ஹமீது பாய் நிற்பார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மணியோசைக்கு ஒரு கோடு. இல்லாத கோட்டை அவரிடம் யாராலும் வாங்க முடியாது.

ஜெசிந்தா மணியை அடித்தாள். கூடம் கைதட்டியது. பாய் ஒரு கோடு போட்டார்.

அவள் கயிற்றைச் சடையப்பனிடம் நீட்டினாள்.

அவரும் அடித்தார்.

பாயின் சாக்பீஸ் நின்றது. டாக்டரின் மேசையை எட்டிப் பார்த்தார். அங்கே உடைந்த முகப்பும் பச்சை பூத்த தகடும் கிடந்தன. வாசலில் இரண்டு பேர், ஒரே ரேடியோவை மாறி மாறிக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாய் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

இரண்டாவது கோட்டைக் கொஞ்சம் நீளமாகவே போட்டார்.